வெளிப்பூட்டு

விழுப்புரத்தில் பேருந்து ஏறி "யுனிவர்சிட்டி ஒண்ணு" என்று டிக்கெட் கேட்டால் நடத்துநருக்குப் பிடிக்காது. "கேட்டுன்னு சொல்லுங்க மேடம்" என்று திருத்துவார். எங்கள் குடியிருப்புக்கு அதுதான் பெயர். ஆதார் அட்டையில் வேறு ஏதோ போட்டிருக்கிறது, அப்படி யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. கூட்டேரிப்பட்டுக்கு இந்தப் பக்கம், பல்கலைக்கழகத்தின் பெரிய இரும்புக் கேட்டுக்கு நேரெதிரே, முன்பு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லைகளில் மாடிக் கட்டடங்கள் நெருக்கியடித்துக்கொண்டு எழுந்து ஊராகிவிட்டன. சந்துக்குச் சந்து மெஸ், ஜெராக்ஸ் கடை, பைண்டிங் கடை, ஜூஸ் கடை, மறுபடியும் ஜெராக்ஸ் கடை. ஒரு அறையில் குக்கர் விசில் அடித்தால் அக்கம்பக்கத்து அறைகளிலெல்லாம் அடுப்பை அணைக்க எழுந்து போவார்கள். யார் வீட்டுக் குக்கர் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இங்கே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேறு ஊர் உண்டு. படிக்க வந்தவர்கள், ஆராய்ச்சி செய்ய வந்தவர்கள், என்னைப்போலத் தற்காலிக ஆசிரியர்கள். வருடா வருடம் வேலையைப் புதுப்பித்துத் தருவார்கள். தராவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். என் கணவருக்கு ஓசூரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவார், வந்ததும் "இந்தப் புறாக்கூண்டுல எப்படிதான் இருக்கியோ" என்று ஆரம்பிப்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவருக்குப் பதில் சொல்ல மாட்டேன், பாத்திரங்களை ணங் ணங்கென்று வைப்பேன். அதுவும் பக்கத்து அறை வரைக்கும் கேட்கும்.

கட்டடம் ஒரு விவசாயக் குடும்பத்துக்குச் சொந்தம். பாதி நிலத்தில் அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, மீதிப் பாதியில் இன்னும் மல்லாட்டைதான் போடுகிறார்கள். வீட்டுக்கார அம்மா கீழ்த்தளத்தில் இருந்தார். சந்துக்கே அவர்தான் போலீஸ், அவர்தான் கோர்ட்டு. படிக்கட்டுக்குக் கீழே ஒரு பலகையில் எல்லா அறைகளுக்குமான மின்சார மீட்டர்கள் வரிசையாக இருந்தன. எந்த அறையில் ஃபேன் ஓடுகிறதோ அந்த அறை மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். தண்ணீர் பிடிக்கப் போகும்போதும் வரும்போதும் அவர் அந்தப் பலகையை ஒரு பார்வை பார்ப்பார். "எவடி அவ, பூட்டிக்கினு காலேஜுக்குப் போயிட்டு ஃபேன ஓடவுட்டுக்கினு?" என்று அவர் போடுகிற சத்தம் மொட்டைமாடி வரைக்கும் வரும். புதிதாகக் குடிவருகிறவர்களை அந்தப் பலகையின் முன்னால் நிறுத்தி இது உன் மீட்டர், இது எரிந்தால் இன்ன அர்த்தம் என்று பாடம் நடத்திவிட்டுத்தான் சாவியையே கொடுப்பார். கூட வந்த அப்பாக்களும் அண்ணன்களும் கைகட்டிக் கேட்பார்கள்.

இவ்வளவு நெருக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறது என்பது சாதாரணமா? பக்கெட் வேண்டும், சார்ஜர் வேண்டும், கொஞ்சம் சர்க்கரை வேண்டும் என்று யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒன்றும் வேண்டாமென்றால் சும்மா பேச வருவார்கள். அதற்குக் கேட்டில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். வெளிப்பூட்டு என்று சொல்வோம். பரீட்சையோ ஆய்வேடோ நெருங்கினால், பக்கத்து அறைக்காரரிடம் சாவியைக் கொடுத்து, வெளியிலிருந்து பூட்டிக்கொண்டு போகச் சொல்வது. செருப்பை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். போனை அணைத்துவிட வேண்டும். சாயந்திரம் சாவிக்காரர் வந்து திறந்துவிடுவார். ஆத்திர அவசரத்துக்கு வீட்டுக்கார அம்மாவின் இடுப்பில் எல்லா அறைக்கும் மாற்றுச் சாவி இருக்கும். நடுவில் யார் தேடி வந்தாலும் சந்து முழுக்க ஒரே பதில்தான்: "மெட்ராஸ் போயிருக்காங்க, லைப்ரரிக்கு."

இந்தப் பதிலைச் சொல்வதில் எங்களுக்கு ஒரு பெருமையே உண்டு. மெஸ்காரர் சொல்வார், ஜெராக்ஸ் கடைப் பெண் சொல்வாள், துணி தேய்க்கிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்வார். ஒருமுறை ஒரு பேராசிரியர் தன் மாணவனைத் தேடிக்கொண்டு வந்து, "அத்தியாயத்தை இன்னும் கொடுக்கவில்லையே" என்று திட்டிவிட்டுப் போனார். அவன் உள்ளே உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். அன்று முழுக்கச் சிரித்தோம்.

என் பக்கத்து அறையில் இருந்தவள் மரக்காணத்துப் பக்கம் ஒரு கடலோரக் குப்பத்துப் பெண். கழிமுகத்து நண்டுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள். அவள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் கடலுக்குப் போகிறவர்கள். ஆராய்ச்சிக்கு வேண்டிய நண்டுகளை அப்பாவே பிடித்து, தண்ணீர்க் கேனின் கழுத்தை அறுத்து அதற்குள் ஈரச்சாக்கோடு போட்டு, திண்டிவனத்தில் பேருந்து மாறி எடுத்துக்கொண்டு வருவார். வழியெல்லாம் நடத்துநர்களிடம் திட்டு வாங்குவார். கேட்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் கேனைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பல்கலைக்கழகத்துக்குள்ளே வாருங்கள் என்றால் வரமாட்டார். "செக்யூரிட்டி இன்னா ஏதுன்னு கேப்பான்மா, எனக்குப் பதில் சொல்லத் தெரியாது" என்பார்.

அவரிடம் எனக்குக் கொள்ளைப் பிரியம். தனியாக ஒரு பையில் எனக்கும் நண்டு வரும். "அந்தக் கேன்ல இருக்கிறது பாடத்துக்கு ஆவற நண்டு. இது கொழம்புக்கு ஆவற நண்டு. மாத்திப் போட்டுடாதீங்க, எம் பொண்ணு ஃபெயிலாயிடும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

ஒருநாள் அவளை அனுப்பிவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"கடைசியா ஒரு பரீட்ச இருக்குதாமே. எல்லாரு முன்னாலயும் நின்னு பதில் சொல்லணுமாமே. அதுக்கு எங்கள மாதிரி ஆளுங்கள உள்ள வுடுவாங்களாம்மா?"

வாய்மொழித் தேர்வைச் சொல்கிறார். அது பொதுவில்தான் நடக்கும், யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், வீட்டுக்காரர்களுக்கு முன்வரிசையிலேயே இடம் தருவார்கள் என்று சொன்னேன்.

"முன்னால வேணாம்மா. பின்னாடி ஒரு ஓரமா குந்திக்கிறேன். அது பேசறது காதுல வுழுந்தா போதும்."

அன்றிலிருந்து அவளைப் பார்க்கும்போதெல்லாம், "பரீட்ச எப்போ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அவளும் அதற்காகத்தான் உயிரைக் கொடுத்து எழுதினாள் என்று நினைக்கிறேன்.

வீட்டில் மற்றவர்களுக்கு வேறு கணக்கு. வயசு ஏறிக்கொண்டே போகிறது, இன்னும் என்ன நண்டு என்று அம்மாவும் சொந்தக்காரர்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் அண்ணன் மோட்டார்சைக்கிளில் வந்து, "அம்மாவுக்கு ஒடம்பு முடியல, ஒடனே கெளம்பு" என்றார். அவள் போட்டிருந்த துணியோடு ஓடினாள். போய்ப் பார்த்தால் அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு கேசரி கிண்டிக்கொண்டிருக்கிறார். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார். அப்பா கடலுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்து ஏற்பாடு செய்திருந்தார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் அண்ணன் வந்தார். இந்த முறை சித்தி வீட்டு விசேஷம் என்றார். அங்கேயும் கேசரி, அங்கேயும் ஒரு மாப்பிள்ளை.

திரும்பி வந்து என் அறையில் உட்கார்ந்து அழுதாள். "அக்கா, மூணாவது வாட்டி எவனாவது சரின்னு சொல்லிட்டான்னா எல்லாம் முடிஞ்சிடும். அப்பாவால அவ்ளோ பேர எதிர்த்துப் பேச முடியாது" என்றாள். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இனிமே ஒங்க அண்ணன் இந்தச் சந்துக்குள்ள வரட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் சொன்னால் சந்தே சொன்ன மாதிரி.

அவளுக்குக் கொடுத்திருந்த நீட்டிப்பு முடியப் போகிற மாதம் அது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் இத்தனை வருஷமும் தண்ணீரில் போட்ட மாதிரி. தினமும் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவளுக்கு இட்லிப் பொட்டலத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு வெளியில் பூட்டுவேன். சாயந்திரம் வந்து திறப்பேன். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எங்கள் யாருக்கும் அப்படித் தோன்றியதில்லை. எல்லாரும் செய்கிற காரியமாக இருந்தது.

அன்றைக்கும் அப்படித்தான் பூட்டிவிட்டுப் போனேன். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் தேர்வு மேற்பார்வை. மேற்பார்வைக்குப் போனால் போனை முன்னாலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாயந்திரம் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். தலைமுடியைக் கொண்டை போட்டு, அதில் பேனாவைச் செருகியிருந்தாள்.

"அக்கா, அண்ணன் வந்துட்டுப் போச்சு. நம்ம வூட்டுக்கார அம்மா இன்னா நடிப்பு நடிச்சாங்க தெரியுமா! எனக்கு உள்ள சிரிப்பு தாங்கல, துப்பட்டாவால வாயப் பொத்திக்கினேன்."

வீட்டுக்கார அம்மாவும் மேலே வந்து நடந்ததை நடித்தே காட்டினார். காலையில் நான் போன கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்த்து, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்ததாம். "தங்கச்சி எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார். இவர் வழக்கமான பதிலைச் சொல்லியிருக்கிறார்.

"அது மெட்ராஸ் போயிருக்குதே தம்பி. லைப்ரரிக்கு."

"எப்ப வரும்?"

"அது யாருக்குத் தெரியும்? இன்னைக்கும் வரலாம், நாளைக்கும் வரலாம்."

"போனு போவலியேம்மா. அப்பாவுக்கு ஒடம்பு முடியல. ஜல்தியா கூட்டிக்கினு போவணும்."

"மொத வாட்டி அம்மாவுக்கு முடியல, இந்த வாட்டி அப்பாவுக்கா?" என்று இவர் கேட்டாராம். இதைச் சொல்லும்போது எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அண்ணன் மேலே ஏறி வந்து பூட்டைப் பார்த்திருக்கிறார். கதவுக்கு முன்னால் நின்று, "அப்பாவுக்கு ஒடம்பு முடியல" என்று கதவைப் பார்த்தே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பிறகு இறங்கி, படிக்கட்டுக்குக் கீழே சற்று நேரம் நின்றுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜெராக்ஸ் கடைப் பெண்ணும் மெஸ்காரரும் அவரிடம் அதே மெட்ராஸ் பதிலைச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நானும் சிரித்தேன். சட்டைப் பொத்தான் என்று கேட்டபோது உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. ஆனாலும் சிரித்தேன். அவள் மீதியிருந்த இட்லியைத் தின்றுகொண்டே போனை எடுத்து உயிர்ப்பித்தாள். செய்திகள் வந்து விழுகிற சத்தம் நிற்கவே இல்லை. எத்தனை பேர் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பார்த்தவள் முகம் மாறிவிட்டது. அண்ணனைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஒரு மாமாவைக் கூப்பிட்டாள். அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"எங்கம்மா இருந்த இவ்ளோ நேரம்? அப்பா விடியக்காலயில போயிட்டாரும்மா. இப்பதான் எடுத்துக்கினு போறாங்க."

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு "ஒடம்பு முடியல" என்றுதான் ஆள் விடுவார்கள். வழியில் ஏதாவது ஆகிவிடக்கூடாது, வீட்டுக்கு வந்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வீட்டுக்கார அம்மாவுக்கும் நன்றாகத் தெரியும். அவரே பலபேருக்கு அப்படிச் சொல்லி அனுப்பியிருப்பார். ஆனால் கேசரி கிண்டிய அன்றைக்கு அந்த வார்த்தையை வீணாக்கிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஆட்டோக்காரர் திண்டிவனம் வரை கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து மரக்காணம் பேருந்து. அவள் அழவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கேட்டேங்க்கா. கேட்டுக்கினே இருந்தேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று ஆளை ஏற்றியது. எழுந்து போய் ஓட்டுநரை அடிக்கலாமா என்று இருந்தது எனக்கு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்தது. வாசலில் ஈரம் இன்னும் காயவில்லை. மூலையில் அந்தத் தண்ணீர்க் கேன், கழுத்து அறுத்தது, கவிழ்த்து வைத்திருந்தது. அவள் அதைப் பார்த்த பிறகுதான் வாய்விட்டுக் கதறினாள்.

பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். "பாவம், மெட்ராஸ்லருந்து எப்படி வந்துச்சோ" என்றார்கள். "அவ்ளோ தூரத்துல இருந்தா இன்னா பண்ணும் பொண்ணு?" என்றார்கள். அம்மா அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, "மெட்ராஸ்ல எங்கடி இருந்த? எங்கன்னு போயித் தேடறது நாங்க?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். 

"லைப்ரரிலம்மா" என்றாள்.

எங்கள் சந்தின் பொய் எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்து உட்கார்ந்திருந்தது. அண்ணன் சுடுகாட்டுக்குப் போய்விட்டு ஈரத்தலையோடு வந்தார். தங்கை காலடியில் விழுந்து அழுதபோதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சில நாள் நான் வீட்டுக்கார அம்மாவோடு பேசவில்லை. கோபம். அந்தக் கண்ணடிப்பு என் கண்ணிலேயே நின்றது. ஆனால் அவர் என்ன செய்வார்? அந்தப் பெண்ணைக் காப்பாற்றுகிறோம் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் மேல் கோபப்பட்டேன், பொய் சொல்லிப் பழக்கிய அம்மா மேல் கோபப்பட்டேன், கடைசியில் கோபப்பட ஆள் இல்லாமல் போயிற்று. வீட்டுக்கார அம்மா அந்த மாதம் யாரையும் சத்தம் போடவில்லை. ஃபேன் ஓடினால் ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

காரியம் முடிந்து அவள் திரும்பி வந்தாள். பூட்டட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. கதவை விரியத் திறந்து போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்து எழுதினாள். யாரும் பக்கெட் கேட்டு வரவில்லை. நடக்கிறவர்கள்கூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். நீட்டிப்பு முடிவதற்கு முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். பைண்டிங் கடைக்காரர் அதை என் கையில் கொடுத்தபோது இனிப்பு வாங்கித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. வழக்கமாகக் கேட்பார்.

கேட்டில் அதற்குப் பிறகு வெளிப்பூட்டு கிடையாது. யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

வாய்மொழித் தேர்வு அடுத்த வருஷம்தான் வந்தது. அம்மாவுக்கு வர மனசு இல்லை. அண்ணன் மட்டும் வந்தார், அறையைக் காலி செய்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போக ஒரு குட்டியானை வண்டியோடு. முன்வரிசையில் இடம் இருந்தும் பின்னால் ஓரமாகப் போய் உட்கார்ந்தார். யாரும் அவரிடம் அப்பா சொன்னதைச் சொல்லியிருக்க முடியாது. அவள் மேடையில் நின்று நண்டுகளைப் பற்றிப் பேசினாள். குரல் ஓரிடத்தில் மட்டும் நடுங்கியது, நண்டுகளை எங்கே சேகரித்தாய் என்று கேட்டபோது. கடைசியில் தேர்வாளர், "அவையில் இருப்பவர்கள் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்" என்றார். அது சம்பிரதாயம். யாரும் கேட்கவில்லை. கை தட்டினோம், டீயும் சமோசாவும் கொடுத்தார்கள்.

மத்தியானம் சாமான்களை இறக்கினோம். பாத்திரப் பெட்டி, பாய், புத்தக மூட்டை. அவள் என்னிடம் முந்தின வாரமே சொல்லியிருந்தாள், சாமான் எடுக்க வரும்போது அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று. ஒரு வருஷமாக வீட்டில் எல்லாரும் மெட்ராஸ் மெட்ராஸ் என்று பாவப்படுவதை அவளால் தாங்க முடியவில்லை. "திட்டட்டும்க்கா, அடிக்கட்டும். இந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றாள். சொல்ல வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். சொல்லி யாருக்கு என்ன லாபம்?

அண்ணன் கடைசி மூட்டையை வண்டியில் வைத்துவிட்டு வந்து படிக்கட்டுக்குக் கீழே நின்றார். அவள் பக்கத்தில் போய், "அண்ணா, அன்னைக்கு நானு..." என்று ஆரம்பித்தாள்.

"நான் ஒண்ணு கேக்கணும் பாப்பா" என்றார் அவர். மீட்டர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "அன்னைக்கு ஒன் மீட்டரு எரிஞ்சிக்கினு இருந்துது."

வீட்டுக்கார அம்மா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார்.

"குடிவந்த அன்னைக்கே இந்தம்மா எனக்குச் சொல்லிக் குடுத்தாங்களே, எரிஞ்சா உள்ள ஃபேனு ஓடுதுன்னு அர்த்தம்னு. நீ உள்ளதான் இருக்கிறன்னு எனக்குத் தெரியும். அப்பாவுக்கு முடியலன்னு கதவாண்ட நின்னு சொல்றேன், தங்கச்சி வரலியேன்னு ஆத்திரம் பொத்துக்கினு வந்துடுச்சு. போயிட்டேன். பாதி வழி போனப்புறம்தான் ஊர்ல இன்னா சொல்றதுன்னு ரோசன வந்துது. உள்ள குந்திக்கினே வரலன்னு சொன்னா ஒன்ன இன்னா பேசுவாங்க? அதான் நானும் மெட்ராஸ் போயிருக்குதுன்னு சொன்னேன். மெட்ராசுன்னதும் பெரியவங்க, சாயந்திரம் வரைக்கும் பாப்போம், அப்புறம் எடுத்துடலாம்னுட்டாங்க."

 அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காரியம் முடிஞ்சப்புறம் ஒருநாள் தோணுச்சு. அந்த ஃபேனு சத்தத்துல ஒனக்குக் காதுலயே வுழுந்திருக்காதுன்னு. எந்தங்கச்சி கேட்டிருந்தா வராம இருக்குமா? அத நெனச்சிக்கினுதான் இவ்ளோ நாளும் ஒங்கிட்ட பேசிக்கினு இருக்கேன். கேட்டுச்சா பாப்பா?"

வீட்டுக்கார அம்மா முந்திக்கொண்டார். "அந்த ஃபேனு கடகடன்னு ஓடும் தம்பி. பக்கத்துல நின்னு கத்தினாக்கூட கேக்காது. நான் எத்தினி வாட்டி தட்டியிருக்கேன், இதுக்குக் காதுலயே வுழுந்ததில்ல." இவ்வளவு நடந்த பிறகும் அந்த அம்மாவுக்கு அவளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். இந்த ஒரு பொய்யை அவள் பிடித்துக்கொள்ளட்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

"கேட்டுச்சுண்ணா" என்றாள் அவள்.

"முடியலன்னு சொன்னது?"

"அதுவும் கேட்டுச்சு. பொண்ணு பாக்கத்தான் கூப்புடறன்னு நெனச்சேன். சிரிச்சேண்ணா நானு, உள்ள குந்திக்கினு."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே கேட்டார். "செத்துட்டாருன்னு நான் சொல்லியிருந்தா?"

"பூட்ட ஒடச்சிக்கினு வந்திருப்பேன்."

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "வாய் வரல பாப்பா" என்றார். "கதவாண்ட நின்னு மூணு வாட்டி வாயத் தெறந்தேன். ஒரு வாட்டிகூட அந்த வார்த்த வரல." அவள் அவர் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். தொடவில்லை, உட்கார்ந்தாள், அவ்வளவுதான். வண்டிக்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார்.

அவர்கள் போன பிறகு வீட்டுக்கார அம்மா பலகையைப் பார்த்தார். காலியான அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ நிறுத்த மறந்துவிட்டார்கள். அவர் மேலே ஏறிப் போனார். நிறுத்திவிட்டு வருவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் வரவில்லையே என்று போய்ப் பார்த்தேன். கதவை உள்ளே சாத்திக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வெளிய நின்னு ஏதாவது பேசு" என்றார் என்னிடம். "சாதாரணமா பேசு. கேக்குதான்னு பாக்கறேன்."

நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.  "எழுந்து வாங்கம்மா, டீ போடறேன்" என்றேன்.

உள்ளே அழுகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.